ஓடுறதே தெரியாத பெட்டி

— எனக்கெண்டா இது ஓடின மாதிரியே தெரியல்ல.

— அதுதான் புள்ள இந்த ரயில் பெட்டிட விசேசம். திருக்கோணமலைக்குக் கப்பல்ல வாற வெள்ளைக்காரன் மலைநாடு பாக்கப் போறதுக்கெண்டு செஞ்சது. ஒரு றாத்தல் பாண் வாங்க ஊரே வரிசையில நிண்ட பஞ்ச காலம் முடிஞ்ச பிறகு விட்ட பெட்டி. மூண்டாம் வகுப்பில போனா முள்ளந்தண்டு கழரும். இதில தேத்தண்ணிக் கோப்பையை வச்சுப் பாரு, ஒரு சொட்டுச் சிந்தாது.

— கோப்பை சிந்தல்லதான். காத்தும் வரல்லையே. வேர்த்து வடியுது. அந்த யன்னல் பலகையைக் கொஞ்சம் தூக்குங்களன்.

— தூக்கினா நாலு பேர்ர கண் உள்ளுக்கு வரும். முழுப் பெட்டியும் நமக்கெண்டு எடுத்தது அதுக்குத்தானே.

— தேயிலைத் தோட்டம் காட்டுறன், மலையைச் சுத்திக் கோச்சி போறதைக் காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு வந்தீங்க. விடியச் சுபஹு தொழுத கையோட ஏத்தினீங்க. இவ்வளவு நேரமா நான் பாத்தது திரைச்சீலையில இருக்கிற பூவைத்தான்.

— மலைநாடு வரட்டும், பாரு புள்ள. கோச்சி குகைக்குள்ள பூந்து வருமாம், தான் வந்த பாதை தனக்கு மேலால கிடக்குமாம்.

— அதுக்கும் பலகை மூடித்தான் இருக்குமோ?

— உன்ட வாய் இருக்கே, ஸுல்பிகா.

— இப்ப எங்க நிக்குது?

— கல்லோயாச் சந்தியாத்தான் இருக்கும். மட்டக்களப்பால வாற பெட்டிகளை இங்கதான் இந்தக் கோச்சியோட கொழுவுவாங்க, நேரமெடுக்கும். ரெண்டு பேரும் நல்லா நித்திரையாயிட்டம், அதுதான் ஓட்டம் தெரியல்ல. வெளிக்கிடக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தது ஞாபகமில்லையா?

— ஞாபகம். அதுக்கு முன்னம் ஒருத்தன் வந்து கதவைப் போட்டுத் தட்டினானே, அதுவும் ஞாபகம். நீங்க திறக்கல்ல.

— பொம்பிள இருக்கிற பெட்டியை அவன் ஏன் தட்டுறான்? டிக்கட் பாக்கிறதெண்டா பிறகு பாக்கட்டும். உள்ளுக்குப் பொம்பிள இருக்கு, போ எண்டன். என்னவோ சொல்லிக்கொண்டு நிண்டான், பிறகு போயிட்டான்.

— சரி. இன்னொண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. ஒரு கிழமைப் பயணத்துக்கு என்ட தையல் மெசின் என்னத்துக்கு?

— எந்த மெசின்?

— சாக்கால சுத்தி ஆசனத்துக்குக் கீழ தள்ளி வச்சிருக்கீங்களே, அது. கால் நீட்டக்குள்ள இடிச்சிது. உம்மா சீதனமாத் தந்த மெசின். எனக்குத் தெரியாமத் தூக்கியிருக்கீங்க.

— தண்ணி குடிக்கிறயா?

— கதவைப் பூட்டின திறப்பைத் தாங்க. நான் இறங்கப் போறன்.

— இறங்கி எங்க போறாய்? வெளிய காடு, யானை நிக்கிற இடம். இரு. சொல்லிடுறன். மலைநாட்டில, பண்டாரவளையில, என்ட கூட்டாளி பக்கீர் கடை போட்டிருக்கான். பங்குக்கு வா எண்டான். கடைக்குப் பின்னால ஒரு அறை, ஒரு குசினி. நாங்க திரும்பிப் போறதில்ல.

— திரும்பிப் போறதில்லையா? உம்மாக்குத் தெரியுமா?

— தெரிஞ்சா விடுவாவா?

— எங்கட பக்கத்தில எந்த மாப்பிள்ளை பொண்டாட்டியை வெளியூருக்குக் கொண்டு போயிருக்கான்? மாப்பிள்ளைதான் பொண்ணுட வீட்டுக்கு வாறது. வீட்டை என்ட பேர்ல எழுதித் தந்தாங்க. ஊர் என்ன கதைக்கும்? உம்மா எப்படித் தாங்குவா?

— மாமி தாங்குவா. என்னாலதான் ஏலாது. அந்த வீட்டில எனக்கெண்டு ஒரு கதிரை இருக்கா? உன்ட தம்பிமார் இருந்து எழும்பின பிறகு எது மிச்சமோ அதுதான். மீன் ஆக்கினா நடுத்துண்டு அவங்களுக்கு, வால் எனக்கு. 'ஸெய்னுதீன், விறகு கொத்தினயா? ஸெய்னுதீன், ஆட்டைக் கட்டினயா?' வேலிக்குப் பின்னால கோச்சி போகக்குள்ள எல்லாம் வேலையை விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிப்பன். பாய்ஞ்சு ஏறிப் போயிடலாம் எண்டிருக்கும். உன்னை விட்டிட்டு ஏற மனம் வரல்ல. அதுதான் உன்னையும் ஏத்தினன்.

— ஆட்டை ஏத்துற மாதிரி.

— என்ன கதை இது?

— ஆட்டுக்கும் எங்க போறமெண்டு சொல்றதில்ல. கதவைப் பூட்டித்தான் கொண்டு போறது. உங்களை உம்மா அடைச்சு வச்சா. என்னை நீங்க அடைச்சு வச்சிருக்கீங்க.

— கேட்டிருந்தா 'உம்மாட்டக் கேக்கணும்' எண்டிருப்பாய்.

— கேட்டுப் பாத்தீங்களா? கலியாணம் பேசக்குள்ளயும் என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. வீடு எழுதக்குள்ளயும் கேக்கல்ல. நீங்களாவது கேப்பீங்க எண்டு நினைச்சன்.

— அழாத புள்ள. வெளிய கேக்கும்.

— காடெண்டீங்க. யானைக்குக் கேட்டா என்ன?

— பிழைதான். கேட்டிருக்கணும். நீ இல்லாமப் போகப் பயந்து, உன்னட்டக் கேக்கவும் பயந்திட்டன். பாரு, பண்டாரவளை அறையில யன்னல் பெரிசு. திறந்தா எதிர் மலை தெரியுமாம், பக்கீர் சொன்னவன்.

— திறந்து வைக்க விடுவீங்களா?

— விடுவன்.

— எல்லா நேரமும்?

— ஓம். அங்க ஆருக்கு எங்களைத் தெரியும்?

— அப்ப இதையும் திறங்க.

— சரி, நீயே தூக்கு. காட்டைத் தவிர ஒண்டும் இருக்காது. என்ன, அப்படியே நிண்டிட்டாய்? யானையா?

— மெதுவாக் கதைங்க.

— ஏன்?

— உம்மா எங்கட வேலியில உங்கட சாரத்தைக் காயப் போடுறா.

— யா அல்லாஹ். அப்ப இன்னும் ஊர்லதானா நிக்கிறம்? கோச்சி போயிட்டுது. பாரம் கூடெண்டோ என்னவோ, பெட்டியைக் கழட்டிப் பக்கத்துத் தண்டவாளத்தில தள்ளி விட்டிருக்காங்க. இறங்கச் சொல்லத்தான் அவன் தட்டியிருக்கான். எல்லாம் போச்சு. இந்தா திறப்பு, நீ உம்மாட்டப் போ. நான் மறிக்கல்ல.

— திறப்பை நீங்களே வச்சுக்கொள்ளுங்க. பலகையைச் சத்தமில்லாம இறக்குங்க. அடுத்த கோச்சி வந்து கொழுவுமட்டும் உம்மாக்கு எங்கட மூச்சுக் கேக்கப்படாது.