மூன்று நிமிடம் கேட்டு வாங்கிய கொன்ஸ்ரன்ஸ் அம்மையார்

தலைமை வகிக்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையை அலங்கரிக்கும் கலையுலக நண்பர்களே, அம்மையாரின் பிள்ளைகளே, இருக்கை போதாமல் வாசலிலும் வீதியிலும் நிற்கும் கொட்டாஞ்சேனை மக்களே! உங்கள் துயரத்தில் பங்கெடுத்து, வணக்கமும் ஸலாமும் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் ஸவாஹிர். நாடகத் தயாரிப்பாளர் கலாபூஷணம் கொன்ஸ்ரன்ஸ் நிக்கலஸ் அம்மையாரிடம் இருபத்தாறு ஆண்டுகள் ஒப்பனைக்காரனாக இருந்தவன். அம்மையாரைப் புகழ எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. கிழமைக்கு ஒரு திகில் நாடகம் தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு வாரம் அம்மையார் கொள்ளைநோய்க் கதை ஒன்றை எழுதினார். துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. அதில் பெட்டி இறக்கிய தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்து, உடம்பெல்லாம் புண் வெடிக்கிறது. ஏழே நாளில் உலகத்தின் நகரங்கள் ஒவ்வொன்றாக அடங்கிப்போகின்றன. அந்த முதல் நோயாளியாக நடித்தவர் நம்முடைய ஹெக்டர். அவர் உண்மையிலேயே துறைமுகத்தில் வேலை செய்தவர். தேவாலயத் திருநாள் கூத்துகளில் ராசா வேஷம் கட்டியவர். அவருடைய முகத்திலே அந்தப் புண்களைச் செய்தது யார்? இதோ, இந்தக் கைகள்! அரிசிமாப் பசை, மெழுகு, பீற்றூட் சாறு. அவ்வளவுதான்.

நாடகம் போன மறுநாளே நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. "அப்பப்பா, என்ன பயங்கரம்!" என்று பாராட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நாலாம் நாள் ஹெக்டரின் மனைவி பிறிஜெற் அம்மையாரின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"மிஸ், இவர் குடிக்கிற தேத்தண்ணிக் கடையிலே இவருக்கு வேற கோப்பை வைச்சிருக்கிறாங்கள். பஸ்ஸிலே பக்கத்திலே ஆரும் இருக்கிறதில்லை. எங்கட மகள் டோரினோட விளையாட வேண்டாமெண்டு வீட்டு ஒழுங்கையிலே தாய்மார் பிள்ளையளைத் தடுக்கினம். ஏழு வயசுப் பிள்ளை, மிஸ்! 'அப்பா எப்ப சாவார்' எண்டு கேக்குது."

அம்மையார் உடனே எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நேரே அந்தக் கடைக்குப் போனோம். ஹெக்டர் வாசலில் தனியாக நின்று குடித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது ரி.வி. எண்டு எனக்குத் தெரியும் மிஸ். எண்டாலும் ஆக்கள் வாறாங்களில்லை. நான் என்ன செய்ய?"

அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? ஹெக்டரின் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். மிச்சம் இருந்த தேநீரை எல்லோரும் பார்க்கக் குடித்தார். பிறகு கோப்பையை மேசையில் வைத்து, "இன்னொண்டு ஊத்துங்கோ, ரெண்டு பேருக்கும்" என்றார்.

ஆனால் ஒரு கடையில் ஒரு கோப்பையைக் குடித்தால் ஊரின் பயம் போய்விடுமா? போகாது என்பது அவருக்குத் தெரியும். அன்றே நிலையத்துக்குப் போய், அடுத்த நாடகத்துக்கு முன்னால் மூன்று நிமிடம் கேட்டார். அங்கே இருந்த அதிகாரி சிரித்தார். "சனம் பயந்திட்டுது எண்டால் நாடகம் வெற்றி, மிஸ். பிறகென்ன?"

"பயப்படுத்தினது நாங்கள். அந்தப் பயத்தை இறக்கிவைக்க வேண்டியதும் நாங்கள்தான். மூண்டு நிமிஷம் இல்லையெண்டால் வாற கிழமை நாடகமும் இல்லை."

அவருடைய பிழைப்பே அந்த நாடகம்தான், அன்பர்களே! கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்திருந்தவர். ஆனாலும் அடுத்த நாடகத்தின் ஒளிநாடாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழும்பாமல் இருந்தார். மாலையானதும் அதிகாரி இறங்கிவந்தார்.

நான்தான் இறங்கிவரவில்லை. "மிஸ், நான் இனி மேக்கப் பெட்டியத் தொடமாட்டன்" என்று அழுதேன். அதற்கு அவர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "ஒட்டின கைதானே ஸவாஹிர் கழட்டவும் வேணும்?"

கமராவுக்கு முன்னால் ஹெக்டருக்கு மறுபடி புண்களை ஒட்டினேன். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஓரத்தில் தாயோடு நின்ற டோரின் திடீரென்று ஓடிவந்தாள். எழுதிவைத்த காட்சியல்ல அது! கடைசிப் புண்ணைத் தன் கையாலே பிய்த்தெடுத்துத் தன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, "அப்பா, எனக்கும் அந்த வருத்தம் வந்திட்டுது!" என்று சிரித்தாள். ஹெக்டர் அவளைத் தூக்கி அணைத்தார். அதையும் அப்படியே ஒளிபரப்பினார்கள். மறுநாள் ஒழுங்கைப் பிள்ளைகள் டோரினைச் சுற்றி நின்றார்கள். எதற்கு? "எங்களுக்கும் ஒரு புண் தா" என்று!

அதன் பிறகு அம்மையார் ஒரு திகில் நாடகத்தையும் அப்படியே விட்டதில்லை. முடிவில் நடிகரை வேஷம் கலைத்துக் காட்டுவார். இரண்டாயிரத்து இருபதில் உண்மையான கொள்ளைநோயே உலகத்தைப் பிடித்தது. நம்முடைய ஒழுங்கைகளை அடைத்தார்கள். குணமாகி வந்தவர்களைக் கண்டு அயலவர்கள் கதவைச் சாத்தினார்கள். அப்போது எழுபத்தெட்டு வயது அம்மையார் என்னை அழைத்தார்: "ஸவாஹிர், மேக்கப் இல்லாத வேலை ஒண்டு இருக்கு." குணமான பதினொரு பேரைப் பேசவைத்துக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தோம். ஆளுக்கு மூன்று நிமிடம். அவை வீடு வீடாகப் போயின. சாத்திய கதவுகள் திறந்ததை நான் கண்டேன்.

போன மாதம் அவர், அதேபோலப் பேசவைக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றை எழுதித் தந்தார். காசநோய் குணமாகியும் ஊரால் ஒதுக்கப்படுகிற ஒன்பது பேர். அவர்களிடம் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கியவர், இன்று நெஞ்சுநோய்ப் பிரிவில் தாதியாக இருக்கும் டோரின்தான். அம்மையார் போய்விட்டார். பட்டியல் போய்விடுமா? போகவிடுவோமா?

விடமாட்டோம்! இந்தச் சபைக்கு முன்னால் வாக்களிக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு ஜிந்துப்பிட்டியில் படப்பிடிப்பைத் தொடங்குகிறோம். முதலாவது பெயர் பேச்சியம்மா. முகத்தை மறைத்து எடுக்கட்டுமா என்று நேற்று அவரிடம் கேட்டேன்.

"எதுக்கு மறைக்கணும்? நான் பொழச்சு வந்தவ. புதுச் சேலை கட்டிட்டு ஒக்காந்திருப்பேன். என் பேரையும் பெருசாப் போடுங்க" என்றார்.

பெரிதாகவே போடுவோம், அம்மா.