நடுவுல ஒரு ச்

ஆகஸ்ட் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. அப்படியே எழுதுங்க சார். மேல வலது பக்கம் தேதின்னு போட்டிருக்கு பாருங்க, அந்தக் கட்டத்துல. லைட்டைப் போடட்டுமா? காலையிலேருந்து மேகம் மூடிக்கிட்டே நிக்குது. பெய்யவும் மாட்டேங்குது, விலகவும் மாட்டேங்குது, காத்துன்னு பேருக்குக்கூட இல்லை. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி இந்தப் பக்கம் வந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. வெளிச்சம் கண்ணுல அடிக்காது. ஆமாம், வெயில் இல்லைதான். இருந்தாலும் அப்படியே உக்காருங்க.

பதினொரு மணிக்குத்தானே உங்களை வரச் சொன்னேன்? பத்தரைக்கே வந்துட்டீங்க. அவர் அவசரப்படுத்தினாரா? சரி, அது உங்க தப்பில்லை. அவர் மேல வரலையா? வண்டியிலயே இருக்காரா? ஆமாம், இங்கேருந்தே தெரியுது. சாம்பல் கலர் வண்டி, படிக்கட்டுக்கு நேரா நிக்குது. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, ஒரு காலை வெளியே ஊன்றி உக்காந்திருக்கார். நீங்க திரும்பாதீங்க. நீங்க பார்த்தா அவரும் நிமிர்ந்து பார்ப்பார். சாவி யார்கிட்ட இருக்கு? அவர்கிட்டயா? சும்மா கேட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க சார். இன்னும் அரைமணி நேரத்துக்கு அந்த வண்டி இந்தக் காம்பவுண்டை விட்டு வெளியே போகக் கூடாது. வண்டியைவிட, அவர் போகக் கூடாது. ஏன்னு சொல்றேன். ஆனா வரிசையாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும், எனக்கும் வாய் குழறாம வரும். நீங்க பாட்டுக்கு மனுவை நிரப்பிக்கிட்டே கேளுங்க. பார்க்கிறவங்களுக்கு நாம ஆபீஸ் வேலை பார்க்கிற மாதிரி இருக்கணும்.

முதல்ல உங்களைப் பாராட்டணும். இந்த வண்டிப் பதிவு ஆபீஸ்ல நான் பத்தொன்பது வருஷமா இருக்கேன். பழைய வண்டி வாங்கறவங்க என்ன பார்ப்பாங்க தெரியுமா? டயருக்கு ஒரு உதை. கதவைச் சாத்திப் பார்த்து, ஏதோ சங்கீதம் கேட்ட மாதிரி தலையை ஆட்டுவாங்க. லிட்டருக்கு எவ்வளவு தரும்னு கேப்பாங்க. யாரோட வண்டின்னு கேக்கிறவங்க நூத்துக்கு நாலு பேர். மாப்பிள்ளை பார்க்கப் போறவங்ககூட அந்தத் தெருவுல ரெண்டு பேரை விசாரிப்பாங்க. நீங்க என்னடான்னா முழு விவரமும் வேணும்னு எழுதியே கேட்டிருக்கீங்க. என்ன, உங்க வீட்டம்மா சொல்லித்தானா? அப்படின்னா பாராட்டை அவங்களுக்கு மாத்திக்கிறேன். நீங்க டயரை உதைக்கிற கட்சி.

அவங்க கேட்டது நல்லதாப் போச்சு. பேப்பரைப் பார்ப்போம். எஞ்சின் நம்பர் சரியா இருக்கு. வண்டியோட உடம்புல அடிச்சிருக்கிற சேசிஸ் நம்பரும் சரியா இருக்கு. பேங்க் கடன் கிடையாது, வழக்கு கிடையாது. ஒரே கை. புதுசா வாங்கின அந்தம்மா பேர்லயேதான் இன்னைக்கும் இருக்கு. இதுவரைக்கும் கேட்டா நானே வாங்கிக்கலாம்னு தோணும். ஆனா இன்சூரன்ஸ் மட்டும் மூணு வருஷமாப் புதுப்பிக்கலை. மூணு வருஷம் ஒரு வண்டி எங்கே இருந்துது? கொட்டகையில மூடி வெச்சிருந்ததா சொன்னாரா. சரி.

அவர் தன்னை யார்னு சொன்னார்? தம்பி. கூடப் பிறந்த தம்பியா? அதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால ஒருத்தர் உங்களைக் கேப்பார். அந்தம்மா இப்ப எங்கே இருக்காங்களாம்? வெளியூர்ல, மகள் வீட்டுல. பேரனைப் பார்த்துக்கிறாங்க. பேரன்னா சொன்னார்? போன்ல நீங்க அவங்களோட பேசலையா? காது கேக்காதா. அதுவும் சரி.

கோபம் இல்லை சார், என் முகமே அப்படித்தான்.

இப்ப இந்த விற்பனைக் கடிதத்தைப் பாருங்க. மனுவோட நீங்க நகல்தான் வெச்சிருந்தீங்க, இப்பத்தான் அசலைப் பார்க்கிறேன். நல்ல கையெழுத்து இல்லையா? முத்து முத்தா, கோடு போடாத தாள்ல கோடு போட்ட மாதிரி. கீழே போட்டிருக்கிற கையொப்பத்தை எங்க பதிவேட்டுல இருக்கிறதோட வெச்சுப் பார்த்துட்டேன். அவங்களோடதுதான். போலி இல்லை. தேதியை மட்டும் பாருங்க. போன ஜூன் மாசம்னு இருக்கு. கடிதம் கறுப்பு மை, தேதி நீல மை. கடிதத்தை ஒருத்தர் ஒருநாள் எழுதியிருக்காங்க. தேதியை இன்னொருத்தர் இன்னொரு நாள் போட்டிருக்கார்.

அதுகூடப் பெரிசில்லை. மூணாவது வரியைப் படிங்க. வாய்விட்டு வேண்டாம், மனசுக்குள்ள. இந்த வண்டியை முழு மனத்துடன் விற்பனைச் செய்கிறேன். தப்பு தெரியலையா? பரவாயில்லை, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. விற்பனைக்கும் செய்கிறேனுக்கும் நடுவுல ஒரு ச் போட்டிருக்கு பாருங்க. அந்த இடத்துல ச் வராது. விற்பனையைச் செய்கிறேன்னு ஐ போட்டு எழுதினா வரும். ஐ மறைஞ்சிருந்தா வராது. விற்பனை செய்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு எழுத்துக்கா இவ்வளவு பேச்சுன்னு நினைக்கிறீங்க. யார் எழுதினதுன்னு தெரிஞ்சா அப்படி நினைக்க மாட்டீங்க. அந்தம்மா ஒரு அச்சகத்துல இருபத்தாறு வருஷம் பிழை திருத்தினவங்க. அவங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில ஒரு க் விட்டுப்போச்சுன்னு, அடிச்சு வந்த ஐந்நூறு பத்திரிகையையும் திருப்பி அனுப்பினாங்க. மாப்பிள்ளை வீட்டுல குதிச்சாங்க. க் இல்லாம கல்யாணம் நடந்தா என்ன குடியா முழுகிடும்னு கேட்டாங்க. நடக்கட்டும், ஆனா என் பேர் போட்ட பத்திரிகை வெளியே போகாதுன்னுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பத்திரிகை வந்துது. பால்காரருக்கு எழுதி வெக்கிற சீட்டுலகூட ஒற்று சரியா இருக்கும். அப்படிப்பட்டவங்க சார்.

வயசானா தப்பு வராதான்னு கேக்கிறீங்க. நியாயமான கேள்வி. கண்ணுல புரை இருந்துது, உண்மைதான். அதனாலதான் வண்டியை விக்கணும்னே முடிவு பண்ணாங்க. ஆனா ஒற்று கண்ணுல இல்லை சார், காதுல இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு எழுதினாலும் அவங்களுக்கு அந்த ச் வராது. வந்திருக்குன்னா, வேணும்னே போட்டிருக்காங்க.

போன் அடிக்குது. அவர்தானே? எடுங்க. எடுக்காம விட்டா மேல ஏறி வந்துடுவார். முத்திரை போடறவர் டீ குடிக்கப் போயிருக்கார், பத்து நிமிஷம் ஆகும்னு சொல்லுங்க. அது எல்லா ஆபீஸ்லயும் நடக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. சிரிச்ச மாதிரிச் சொல்லுங்க. ம்.

நல்லாச் சொன்னீங்க. தண்ணி குடிங்க. பயப்படாதீங்க, அவருக்கு உங்க மேல ஒண்ணும் இல்லை. காகிதம் கை மாறணும், அவ்வளவுதான் அவருக்கு வேணும். மூணு வருஷமா ஒருத்தரும் தேடி வரலைன்னா யாருக்கும் துணிச்சல் வந்துடும்.

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை சார். வண்டி விற்பனைக்குன்னு அந்தம்மா விளம்பரம் குடுத்திருந்தாங்க. ஒருத்தர் வந்தார். நீங்க டயரை உதைச்ச மாதிரி அவரும் உதைச்சிருப்பார். ஓட்டிப் பார்க்கணும்னு கேட்டார். அந்தம்மா பக்கத்து சீட்டுல ஏறி உக்காந்தாங்க. மணி நாலே கால். எதிர்வீட்டுக்காரம்மா பார்த்தாங்க, அவர் முதுகை மட்டும். பத்து நிமிஷத்துல வந்துடறேன், கேஸ் அடுப்புல பால் இருக்கு, கொஞ்சம் நிறுத்திடுங்கன்னு அவங்க கையில வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. வண்டியும் வரலை, அவங்களும் வரலை.

வாங்க வர்றவர் வண்டியைப் பத்தி நூறு கேள்வி கேக்கலாம். விக்கிறவங்க, வர்றவர் யார்னு ஒரு கேள்வி கேக்கிறதில்லை.

போலீஸ்ல சொல்லாம இருப்போமா? சொன்னோம். கல்யாணம் ஆகாதவங்க, அம்பது தாண்டினவங்க, வண்டியை வித்துட்டுத் தன் இஷ்டத்துக்கு எங்கேயாவது போயிருப்பாங்கன்னு எழுதி முடிச்சுட்டாங்க. ஆமாம் சார், கல்யாணம் ஆகாதவங்க. மகள் கிடையாது, பேரன் கிடையாது. கூடப் பிறந்த தம்பியும் கிடையாது. ஒரு தங்கச்சி மட்டும்தான்.

அந்த வண்டியிலயோ வேற எங்கேயோ, மடியில தாளை வெச்சு, இப்படி எழுது, அப்படி எழுதுன்னு ஒருத்தர் சொல்லச் சொல்ல அவங்க எழுதியிருக்காங்க. எழுதி முடிச்சா என்ன நடக்கும்னு புரியாதவங்க இல்லை. உதவின்னு எழுத முடியாது, அவர் படிப்பார். ஆனா இந்தக் காகிதம் என்னைக்காவது ஒருநாள் எங்கே வந்து சேரணும்னு அவங்களுக்குத் தெரியும். வண்டி மாத்தற காகிதம் எல்லாம் இந்த ஆபீஸுக்குத்தான் வரும். இந்த ஆபீஸ்ல யார் உக்காந்திருக்கான்னும் தெரியும். அதனால அவருக்குப் புரியாத, அந்த ஒருத்திக்கு மட்டும் புரியற மாதிரி ஒரு எழுத்தைச் சேர்த்துட்டாங்க.

ஆமாம் சார். அந்தப் பத்திரிகை என் கல்யாணப் பத்திரிகைதான்.

நேத்து அந்த நகலைப் பார்த்ததுமே போலீசுக்குச் சொல்லிட்டேன். அப்ப இருந்த பழைய இன்ஸ்பெக்டர் இப்ப இல்லை, புதுசா வந்தவர் ஒழுங்காக் கேட்டார். வீட்டுக்குப் போனா ஆள் நழுவிடலாம், வண்டியையும் ஆளையும் சேர்த்து உங்க காம்பவுண்டுக்குள்ள வரவழைங்க, பதினொரு மணிக்கு வந்துடறோம்னார். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உங்ககிட்ட உண்மையைச் சொல்லாம கூப்பிட்டதுக்கு மன்னிச்சுடுங்க. தெரிஞ்சிருந்தா அவர் பக்கத்துல உக்காந்து இவ்வளவு தூரம் வந்திருப்பீங்களா?

மணி என்ன? பத்து அம்பத்து மூணு.

கேக்குதா? கதவைச் சாத்திட்டார். எஞ்சினை ஆன் பண்றார். இருங்க, நீங்க எழுந்திருக்க வேண்டாம். நான் போறேன். வண்டியை நேர்ல பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு சொன்னா நிக்காம இருக்க முடியாது. என்னைத் தெரியாது அவருக்கு. அக்கா அப்பா மாதிரி, நான் அம்மா மாதிரி, ஜாடையே ஒட்டாது. வண்டி போனாப் போகுது சார். அந்த ஆள் போயிட்டா, அவ எங்கே இருக்கான்னு சொல்றதுக்கு இந்த உலகத்துல வேற ஆள் இல்லை. கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்குங்க.

*

ஆமாம் சார், நான்தான் பேசறேன். நீங்க போன் பண்ணினது சந்தோஷம். லீவுல இருந்தேன், இன்னைக்குத்தான் வந்தேன். உங்க வீட்டம்மா கேக்கச் சொன்னாங்களா? சொல்றேன், நடந்ததை நடந்தபடி.

நான் கீழே போனப்ப வண்டி பாதி திரும்பியிருந்துது. முன்னால போய் நின்னு, எஞ்சின் நம்பர் பார்க்கணும், நிறுத்துங்கன்னேன். நிறுத்தினார். வண்டியைப் பத்திக் கேட்டேன். நல்ல வண்டி அக்கா, ஒரு அம்மா பத்திரமா வெச்சு ஓட்டினதுன்னார். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு அக்கா போட்டார். வீட்டுல நான்தான் இளையவ, என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாலைஞ்சு நிமிஷம் பேசினோம். அவர் மூஞ்சியைப் பார்த்தா பயமே வரலை சார், அதுதான் எனக்கு இப்பவும் ஆறலை. பதினொண்ணுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ஜீப் உள்ளே வந்துது, காவல்காரர் கேட்டைச் சாத்தினார். அவர் ஓடலை. சாவியை என் கையில குடுத்து, ஏதோ தப்பு நடந்திருக்கு, நீங்களே சொல்லுங்க அக்கான்னார்.

மூணு நாள் அதையே சொல்லிக்கிட்டு இருந்தார். நாலாம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு இடத்தைச் சொன்னார். நெடுஞ்சாலையிலேருந்து பிரியற ஒரு மண் ரோடு, அதோட கடைசியில இடிஞ்சுபோன பம்ப் ரூம். சனிக்கிழமை காலையில அடையாளம் காட்ட என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. என் வீட்டுக்காரரும் வந்தார்.

தோண்டினாங்க. அவர் சொன்ன இடத்துலதான் அக்கா இருந்தா.