ஆயிரமாவது நாள் கேக்

எனக்குக் கேக் என்றால் உயிர், ஐயா. அதிலும் ஐசிங்கில் ‘1000’ என்று எழுதியிருந்தால் கேட்கவா வேண்டும்.

சீனன்குடாவுக்குப் போகும் வழியில் இருக்கும் உரக் களஞ்சியத்துக்கு நான்தான் முகாமையாளர், மஹ்ரூப். வாசலில் ஒரு கரும்பலகை. விபத்து இல்லாமல் போன நாட்களின் கணக்கை ஒவ்வொரு காலையும் நானே வெண்கட்டியால் எழுதுவேன். ஒரு விபத்து நடந்தால் திரும்பப் பூச்சியம். நாற்பது பேரும் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். மிரட்டி வேலை வாங்க ஏலாது, ஆட்களைச் சந்தோசமாக வைத்திருக்க வேண்டும். தலைமை என்றால் அவ்வளவுதான்.

ஆயிரமாவது நாளுக்குக் கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்தார். விழாவுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது பின்பக்கத்தில் மூட்டை அடுக்கு சரிந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் சுகிர்தன், எங்கள் கெட்டிக்காரன், இடுப்புவரை அகப்பட்டுக்கொண்டார். கண்டது நானும் எழுதுவினைஞர் சிவரூபியும் மட்டும்தான். நான் குந்தியிருந்து சுகிர்தனின் கையைப் பிடித்தேன்.

“தம்பி, அரை மணித்தியாலம் தாங்குவீங்களா?”

“ஓம் சேர். நீங்கள் போய்க் கேக்கை வெட்டுங்கோ.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த விசுவாசத்தைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியுமா?

விழா என்றால் எல்லோருடைய போனும் என் கூடைக்குள் வந்துவிட வேண்டும். அது என் சட்டம். சிவரூபி என் பின்னாலேயே ஓடி வந்தது.

“சேர், என்ட போனைத் தாங்கோ. அம்புலன்ஸுக்கு அடிக்க வேணும்.”

நான் பைலாப் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கினேன். அந்தப் பிள்ளை அதைப் பிடிக்கக் குதித்துக் குதித்துக் கத்தியது. பார்த்தவர்களுக்கு அதுவும் ஆட்டம்தான். எல்லோரும் கைதட்டினார்கள், பணிப்பாளரும் இடுப்பை வளைத்தார். அவ்வளவு ஒற்றுமையை என் சீவியத்தில் கண்டதில்லை. அரை மணித்தியாலம் ஒன்றரை ஆனது. பணிப்பாளர் ஆடும்போது நானா பாட்டை நிறுத்துவது?

பிறகு, ஐசிங் கூடிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு சுகிர்தனிடம் ஓடினேன். அவருக்கு மூச்சில்லை.

மறைக்க ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அவருக்கு அன்று லீவு என்று படிவம் எழுதிக் கையெழுத்து வைத்தது நான். லீவில் நின்றவருக்கு நடந்தது வேலைத்தள விபத்து ஆகாதே. நேரத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டொக்டர் சொன்னாராம். இருக்கலாம். அம்புலன்ஸைக் கூப்பிட விடாமல் தலையில் வைத்து ஆடியதும் நான்தான்.

இன்றைக்கு ஆயிரத்து நான்கு. வெண்கட்டி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. யாரையாவது அனுப்பி எழுதச் சொல்லுங்கள், ஐயா. சனம் வாசலில் பார்த்துக்கொண்டு நிற்கும்.