வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

இல்லண்ணா, கதவைத் திறக்க வேணாம். மூடினபடியே வெளிப்பக்கமாப் புதுத் தாழ்ப்பாளைப் போடுங்க. ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன். அந்தச் சங்கிலியை அவுக்காதீங்க, அதுக்குக் கீழே போட்டாப் போதும்.

இந்தப் பழைய கொண்டி எப்படி ஆடுது பாத்தீங்களா? எட்டு மாசமா சொல்றேன். வீட்டு ஓனர் சென்னப்பா, தெருவுல அவர் மூக்குப்பொடி மட்டையும் கையுமா வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க, அவ்ளோ பெரிய மனுஷர். குடி வந்த அன்னிக்கே கேட்டேன், முன்னாடி இருந்தவங்ககிட்ட எத்தனை சாவி இருக்கோ, பூட்டை மாத்திக் குடுங்க ஐயான்னு. சுவரும் கூரையும் என் பொறுப்பு, பூட்டு உன் பொறுப்பும்மான்னார். சரின்னு நானே வாங்கி மாட்டினேன். மறுநாளே வந்து நிக்கிறார், ஒரு சாவி என்கிட்ட இருக்கணும், தீப்பிடிச்சா யாரு திறப்பான்னு. குடுத்துட்டேன். வேற என்ன செய்ய? இந்த மைசூர்ல புருஷன் இல்லாதவளுக்கு, வயசுப் பொண்ணோட, யாரு வீடு குடுக்கறா?

மொதல்ல டம்ளர் இடம் மாறியிருந்துது. நான்தான் மறந்திருப்பேன்னு விட்டுட்டேன். அப்புறம் பொண்ணு, ஸ்பூர்த்தி, சொன்னா, அம்மா, என் தலையணைல மூக்குப்பொடி வாசனை அடிக்குதுன்னு. அறைஞ்சுட்டேண்ணா அவளை. கண்டதையும் பேசாதடின்னு. அதை நெனச்சாதான்... சரி, நீங்க ஓட்டையைப் போடுங்க.

பூட்டை மாத்தியிருக்கலாம்தான். கேட்டேனே. சாவி தரலைன்னா காலி பண்ணுன்னுட்டார். ஸ்டேஷன்லயும் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக்குள்ள அவர் வந்ததை யாராவது பாத்தாங்களாம்மான்னு கேட்டாங்க. சாட்சிக்கு யாரைன்னு கையைக் காட்டுவேன்? அதுக்கப்புறம் பொண்ணு குளிக்கப் போனா, உள்பக்கமா நாற்காலி முட்டுக் குடுத்துட்டுத்தான் குளிக்கிறா.

இன்னிக்கு அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டு, எப்பவும் போல ஊதுபத்தி ஃபேக்டரிக்குக் கிளம்பினேன். டிபன் டப்பா, குடை எல்லாம் எடுத்துக்கிட்டு. பஸ் ஏறல. சுத்தி வந்து எதிர்வீட்டு கமலம்மா ஜன்னல்ல உட்கார்ந்துட்டேன். ரெண்டு பேரும் பாத்தோம். பதினொண்ணேகாலுக்கு வந்தார். தெருவை ஒரு தடவை பாத்தார். சாவியைப் போட்டார். செருப்பைக் கழட்டி வாசல்ல விடலண்ணா, கையில எடுத்துக்கிட்டு உள்ள போனார். கமலம்மா அப்படியே என் கையைப் புடிச்சுக்கிட்டா.

எப்போ வெளிய வந்தாரா? வரலையே. அவர் உள்ள போனதும் ஓடி வந்து இந்தச் சங்கிலியை வெளிப்பக்கமா மாட்டிட்டேனே.

ஐயோ, கையை எடுக்காதீங்கண்ணா, இன்னும் ரெண்டு திருகாணி பாக்கி இருக்கு. பின்வாசல் கிடையாது, ஜன்னலுக்கெல்லாம் கம்பி. கத்த மாட்டார், கத்தினா தெரு கூடிடும். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு நாம பேசறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பார். கேக்கட்டும்.

ஸ்டேஷனுக்கா? உங்களைக் கூப்பிட்ட கையோட சொல்லிட்டேன். பூட்டின வீட்டுக்குள்ள ஒரு ஆள் நுழைஞ்சிருக்கான்னு மட்டும் சொன்னேன். யாருன்னு சொல்லல. அவங்களே திறந்து பாக்கட்டும்.