தலை தொங்குன ரோஜாவுக்கு வெந்நீர்

– அதெல்லாம் விடுக்கா. பதினேழு வயசுப் புள்ளைய ஜெயில்ல போடுவாங்களா, மாட்டாங்களா? அத மட்டும் சொல்லு.

– தாமியா, எனக்கு விடிகாலை பஸ்ஸு. கம்பளிய இழுக்காம படு. முதுகெல்லாம் குளிருது.

– மாரிபெல் அக்கா, சத்தியமா நெஜமாத்தான் கேக்கறேன்.

– யாரக் கொன்ன?

– கொல்லல. எங்க பண்ணை ரகசியத்த வெளிய விட்டுட்டேன்.

– நீயா? உனக்கு என்னடி ரகசியம் தெரியும்? பள்ளிக்கூடத்துல மார்க்கு வேணுமேன்னு பயிற்சிக்குப் போறவ. பக்கெட்டு கழுவறவ.

– சும்மா பக்கெட்டு இல்ல. ரோஜா நிக்கற பக்கெட்டு.

– சரிங்க மகாராணி. மேல சொல்லு. மெதுவா, அம்மா எந்திரிச்சிடப் போறாங்க.

– மொத நாளே கையெழுத்து வாங்குனாங்கல்ல. இங்க பாக்கறது, கேக்கறது எதையும் வெளிய சொல்ல மாட்டேன்னு. பண்ணை வக்கீலம்மா கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு, அஞ்சு வருஷத்துக்கு மூச்சு விடக் கூடாதுன்னாங்க. அஞ்சு வருஷத்துல எனக்குக் கல்யாணமே ஆயிடுமே, புருஷன்கிட்டயாவது சொல்லலாமான்னு கேட்டேன்.

– கேட்டியா?

– கேட்டுட்டேன். நான் ஒரு மண்டு. அவங்க சிரிக்கவே இல்லக்கா. பேனாவ மட்டும் இந்தப் பக்கம் தள்ளுனாங்க.

– சரி, அஞ்சு வருஷத்துல எத்தன நாள் தாக்குப் புடிச்ச?

– பஸ்ஸு பாலத்தத் தாண்டற வரைக்கும்.

– அடிப் பாவி.

– நான் மட்டுமா பாவி? பண்ணை கேட்ல செக்யூரிட்டி என் பைய நோண்டறான், சாப்பாட்டு டப்பாவத் தொறந்து மோந்து பாக்கறான். ஒரு இலை வெளிய போவக் கூடாதாம். அப்புறம் வாடகை மிச்சம்னு எங்க மேட்டுப் பண்ணையும் உங்க ஓடைப் பண்ணையும் சேந்து எடுத்துருக்கற ஒரே பஸ்ஸுல எங்கள ஏத்தி விடறான். ரெண்டு பண்ணை ஆளுங்களும் தொடையோட தொடை இடிச்சிக்கிட்டு வீடு வரைக்கும் வர்றோம். வாயப் பூட்டுறதுக்கு அந்த பஸ்ஸுல என்ன இருக்கு சொல்லு.

– எங்க விடிகாலை பஸ்ஸுல அப்படி இல்ல. எல்லாம் கொறட்ட விட்டுக்கிட்டுப் போகும்.

– சாயங்கால பஸ்ஸுல ஒருத்தரும் தூங்கறதில்லக்கா. யாரு மேஸ்திரி யாரத் திட்டுனாரு, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எல்லாம் அங்கதான். அதுலயும் உங்க பண்ணை விளாதிமிர் இருக்கானே, பின் சீட்டு.

– ஓ. விளாதிமிரா.

– அப்படி இழுக்காத. அவன் எல்லார் முன்னாலயும் கேட்டான். பக்கெட்டு இஞ்சினியரம்மா, உங்க தண்ணி ரூம்ல அப்படி என்ன மந்திரம் போடறீங்கன்னு. பஸ்ஸே சிரிச்சுது.

– நீயும் சிரிச்சிட்டு வந்துருக்கலாம்ல.

– எனக்கு மானம் போச்சுக்கா. அந்த ரூமுக்குள்ள நான் போனதே இல்ல. வெட்டுன ரோஜா மொத ராத்திரி அங்கதான் தண்ணி குடிக்குது, அது மட்டும் தெரியும். சாவி அங்க வேலை பாக்கற சொய்லாம்மாகிட்ட ஒண்ணு, பண்ணைய நடத்தற இஞ்சினியர்கிட்ட ஒண்ணு. நான் வாசல்ல பக்கெட்ட வச்சிட்டுத் திரும்பிடணும். ஆனா அதப் போயி விளாதிமிர்கிட்ட சொல்ல முடியுமா?

– சொல்ல முடியாதுதான். அவன் தலை முடிக்கு என்னமோ தடவிக்கிட்டு வருவான்.

– மொதல்ல யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்குனேன். நான் கையெழுத்து போட்டுருக்கேன், என்னையக் கம்பி எண்ண வச்சிடாதீங்கன்னேன். பஸ்ஸு அப்படியே அடங்கிடுச்சு. டிரைவர் ரேடியோவக் கூட நிறுத்திட்டாரு. அவ்வளவு பேரு என்னப் பாத்ததே இல்லக்கா, வாழ்க்கைல. அப்புறம் சொன்னேன்.

– என்ன சொன்ன?

– தலை தொங்கிப் போன ரோஜா இருக்குல்ல, கழுத்து ஒடிஞ்ச மாதிரி. ஏத்துமதிப் பெட்டிக்கு ஆவாதுன்னு தூக்கிப் போடறது. அதுங்கள...

– வெதுவெதுன்னு வெந்நீர்ல காம்ப நிறுத்தணும்.

– ஆமா.

– தலையச் சுத்தி ஈரப் பேப்பரு கட்டணும்.

– ஆமா.

– வெளக்க அணைச்சிட்டு, யாரும் சத்தம் போடாம வெளிய வந்துடணும்.

– உனக்கு எப்படிக்கா தெரியும்?

– மூணு வாரமா நான் அந்த வேலையத்தாண்டி பாக்கறேன்.

– என்னது?

– எங்க சூப்பர்வைசர் நாலு பேர மட்டும் தனியாக் கூப்பிட்டாரு. கதவச் சாத்துனாரு. ஹாலந்து நாட்டுலேர்ந்து வந்த முறை, புருஷன் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்குனாரு. அதான் உன்கிட்டக் கூட நான் வாயத் தொறக்கல.

– ஹாலந்தா?

– ஹாலந்து. அங்க பூவப் பத்தி தனியாப் படிப்பே இருக்காம்.

– அக்கா.

– என்னடி, எதுக்கு போர்வையக் கடிக்கற? அழுவறியா சிரிக்கறியா?

– அது பொய்யிக்கா. அப்பவே நான் கட்டி விட்டது. எங்க பண்ணைல என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல. வாய்ல என்ன வருதுன்னு பாத்தேன், நம்ம உம்பெர்த்தோ மாமா வந்தாரு.

– மாமா எங்கடி வந்தாரு?

– யோசிச்சுப் பாரு. சான் பெத்ரோ திருவிழாவுல ஆடிட்டு, முட்ட முட்டக் குடிச்சிட்டு, தலை தொங்கிப் போயி வருவாரே. அம்மா என்ன பண்ணுவாங்க?

– கால வெந்நீர்ல வச்சி...

– தலைல ஈரத் துணி கட்டி...

– வெளக்க அணைங்கடி, மனுஷன் தூங்கட்டும்பாங்க. ஐயோ தாமியா. மூணு வாரமா ஒவ்வொரு பூவுக்கும் பேப்பரு சுத்தும்போது, இத எங்கயோ பாத்துருக்கோமே, எங்கயோ பாத்துருக்கோமேன்னு மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன்.

– துணிய மட்டும் பேப்பரா மாத்துனேன். பண்ணைன்னா கொஞ்சம் நாகரிகமா இருக்கணுமேன்னு.

– நம்ம மாமாவுக்குப் பண்ற வைத்தியத்த எனக்கே சொல்லிக் குடுத்து, அத நான் வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்தும் வாங்கிருக்கான். அம்மாவுக்குத் தெரிஞ்சா வழக்கு போடுவாங்க.

– சிரிக்காதக்கா. அது வேலை செய்யுதா, இல்லையா?

– செய்யுதுடி, அதான் கூத்து. மாமாவ விட சீக்கிரம் நிமிருது. ரஷ்யாக்காரங்க பெட்டியத் தொறந்தா எல்லாம் பட்டாளத்தான் மாதிரி நிக்குதாம். எங்க மொதலாளி எங்க நாலு பேருக்கும் பிஸ்கோத்தும் பாலாடைக்கட்டியும் வாங்கிக் குடுத்தாரு.

– அந்த ரஷ்யாக்காரங்கதான் பிரச்சனையே. அவங்க எங்க கிட்ட வாங்கிட்டு இருந்தவங்க.

– தெரியும்.

– சனிக்கிழமை இஞ்சினியர் எல்லாரையும் நிக்க வச்சாரு. நம்ம ரகசியம் வெளிய போயிருக்கு, அதான் ஓடைப் பண்ணை பூவு நிமிர்ந்து நிக்குது, நம்மளுது தொங்குதுன்னாரு. தண்ணி ரூம் சாவி ரெண்டே பேருகிட்ட. ஒண்ணு நானு, நான் சொல்லலன்னாரு.

– அப்போ இன்னொண்ணு.

– சொய்லாம்மா. அவங்கள எதுவுமே கேக்கலக்கா. திங்கக்கிழமை காலைல ஆபீசுக்கு வந்து கணக்க முடிச்சிட்டுப் போங்கன்னுட்டாரு. அப்புறம் என்னப் பாத்து விரல நீட்டி, நீயும் வான்னாரு. அதுலேர்ந்து ரெண்டு நாளா சோறு எறங்கல.

– தண்ணி ரூம்லேர்ந்தா அனுப்பறாங்க? நல்லாக் கேட்டியா?

– நான் பக்கத்துல பக்கெட்டோட நின்னேன். ஏன்?

– இல்ல, சும்மாதான்.

– சொய்லாம்மா ஏப்ரனக் கழட்டி நாலா மடிச்சி மேசைல வச்சாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து, பொண்ணே, உனக்குன்னு வேகவச்ச சோளம் எடுத்துட்டு வந்தேன், வாங்கிக்கன்னாங்க. நான் வாங்கித் தின்னேன்க்கா. அவங்க வேலைய நான் தின்னுட்டு, சோளத்தையும் தின்னேன். எனக்கு வெக்கமே கெடையாது.

– தாமியா, இங்க பாரு. நாளைக்கு நீ வாயத் தொறக்காத.

– எப்படிக்கா?

– ஆபீசுக்குப் போ. அவரு சொல்றதக் கேளு. தலைய ஆட்டு. எல்லாம் கெட்டதாத்தான் இருக்கணும்னு இல்ல. நல்லதாக் கூட இருக்கலாம்.

– ஒரு அம்மாவ வேலைய விட்டு அனுப்பற எடத்துல எனக்கு என்ன நல்லது?

– நீ படிக்கற புள்ள. ஊரு சண்டைய இழுத்துத் தலைல போட்டுக்காத. சொய்லாம்மாவுக்கு வேற பண்ணை கெடைக்கும்.

– ரகசியத்த வித்தவங்கன்னு பேரு வந்தா எந்தப் பண்ணை எடுக்கும்? நீதான சொல்லுவ, இங்க ஒரு பண்ணைல இருமுனா அடுத்த பண்ணைல மூக்கத் தொடைப்பாங்கன்னு.

– எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்க. பாடத்தத் தவிர.

– நான் முடிவு பண்ணிட்டேன். பயமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிடப் போறேன். அதுக்கு உன் உதவி வேணும்.

– என்ன உதவி?

– எங்க பண்ணைல கலக்கறது ஐஸ் மாதிரி பச்சத் தண்ணி. பக்கெட்டு கழுவறவளுக்கு அதாவது தெரியும், விரலு மரத்துப் போகும். உங்க பண்ணைல வெந்நீரு. அப்போ வெளிய போனது எங்க ரகசியமே இல்ல, நம்ம மாமாவோட வைத்தியம். சொய்லாம்மா எதையுமே விக்கல. சரியா?

– சரி.

– இந்த ஒரு விஷயம் இஞ்சினியர் காதுல விழுந்தாப் போதும். ஆனா நான் சொன்னா நம்ப மாட்டாரு, சின்னப் புள்ளைன்னுடுவாரு. ஓடைப் பண்ணைல வெந்நீருதான்னு அங்க வேலை பாக்கறவங்க யாராவது சொல்லணும். நீ வாக்கா. உன் கையெழுத்தப் பத்தி பயப்படாத, ரெண்டு பேருமா ஜெயிலுக்குப் போவோம். துணைக்கு ஆளு இருந்தா நான் அழ மாட்டேன்.

– வெளையாடாத.

– பாவம், அந்த மனுஷனுக்கு உங்க பண்ணைல என்ன நடக்குதுன்னே தெரியாதுக்கா. தெரியாமதான் சொய்லாம்மா மேல பழியப் போடறாரு. தெரிஞ்சா விட்டுடுவாரு. அக்கா? எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கற?

– ஒண்ணுமில்ல.

– பின்ன இப்படித் திரும்பு.

– அவருக்குத் தெரியும்டி.

– எது?

– வெந்நீரு, பேப்பரு, இருட்டு. எல்லாம் தெரியும். போன வாரம் ஊர்ல வாலிபால் ஆடற எடத்துக்கு வந்தவர ஒரு ஓரமாக் கூப்பிட்டு நான்தான் சொன்னேன்.

– நீயா? எங்க இஞ்சினியர்கிட்டயா? எதுக்குக்கா?

– பயிற்சி முடிஞ்சா உன்ன வெறுங்கையோட அனுப்பிடுவாங்களேன்னு. நான் இதச் சொல்றேன், நீங்க என் தங்கச்சிய வேலைல வச்சிக்குங்கன்னு கேட்டேன்.

– அவரு என்ன சொன்னாரு?

– தண்ணி ரூம்ல திங்கக்கிழமை ஒரு எடம் காலியாகும், அவள வரச் சொல்லுன்னாரு. யாரோட எடம்னு நான் கேக்கல.