உடைக்காத துண்டுகள்

மனித நாகரிகமே எஃகின்மேல்தான் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் தொழிற்சாலையின் தர நாள் விழாவில் என் உரையை இப்படித்தான் தொடங்குவேன். நான் நின்று பேசிய மேடை பிளைவுட். ஒருமுறை அது உள்வாங்கி, பொது மேலாளர் முழங்கால் வரை இறங்கினார். அதைப் பற்றி விசாரணை எதுவும் நடக்கவில்லை.

விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். கார்களுக்கு உடல் செய்யும் இந்தத் தொழிற்சாலையில் எஃகுச் சோதனைக்கூடத்தின் தலைவன் நான். கதவில் பித்தளைப் பலகை உண்டு. கூடத்தில் மொத்தம் இரண்டு பேர், நானும் ஓர் உதவியாளர் பெண்மணியும்.

ஒரு காருக்கு ஒரே எஃகு போதாது. கதவின் வெளித்தோலுக்குச் சொன்னபடி வளைகிற மெல்லிய எஃகு. முன்பக்கத்துக்கு, மோதினால் மடங்கி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும் எஃகு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கிற தூணுக்கு மட்டும் அசைந்து கொடுக்காத எஃகு வேண்டும். பக்கவாட்டில் லாரி வந்தால், அதற்கும் உள்ளே இருப்பவருக்கும் இடையில் அந்தத் தூண் ஒன்றுதான். அதன் தரத்துக்கு 980 என்று பெயர். குண்டூசித் தலை அளவு தடிமனுள்ள கம்பியாக இழுத்து அதில் எங்கள் பொது மேலாளரைத் தொங்கவிடலாம், அறுந்து விழமாட்டார். 590 என்று இன்னொரு தரம். அதில் அவர் விழுந்துவிடுவார், என்னைத் தொங்கவிடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இழுத்து உடைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அதனால் உருக்காலையிலிருந்து வரும் ஒவ்வொரு தகட்டுச் சுருளிலும் மூன்று துண்டுகள் வெட்டி எங்களிடம் அனுப்புவார்கள். இயந்திரம் துண்டின் இரு முனைகளையும் பிடித்து மெதுவாக இழுக்கும். எண் ஏறிக்கொண்டே போகும். துண்டின் இடுப்பு மெலியும். பிறகு உடையும். 980 உடைவது மூடிய அறையில் துப்பாக்கி வெடித்தது போலிருக்கும் என்று உதவியாளர் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து எனக்கு முக்கியமான அழைப்புகள் வந்துவிடும். எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார், உங்களுக்கு போன்" என்பார். நான் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்விடுவேன். மணி அடித்ததாக நினைவில்லை. ஆறு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. நாகரிகம் தெரிந்தவர்.

போன ஆண்டு அவர் பிள்ளைப்பேற்று விடுப்பில் போனார். ஆறு மாதம் நான் தனியாக இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் நாற்பத்தொரு சுருள்கள் வந்தன.

நான் எதையும் உடைக்கவில்லை. காரணங்கள் உண்டு. அந்த உருக்காலை ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் தவறியதில்லை. அனுபவம் உள்ளவனுக்குத் தகட்டைத் தொட்டாலே தெரியும். சோதனைக்காகக் காத்திருந்தால் வேலை நிற்கும், ஆயிரம் குடும்பங்கள் நம்பியிருக்கும் வேலை. எனவே பழைய அறிக்கைகளைப் பார்த்து எண்களை எழுதினேன். 1004, 998, 1011. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவது நேர்மையாக இருக்காது என்று இரண்டு மூன்று கூட்டிக் குறைத்தேன். உடைந்த பழைய துண்டுகளுக்குப் புதுச் சீட்டுக் கட்டினேன். உடைக்காதவற்றை மேசை இழுப்பறையில் அடுக்கினேன்.

பத்தொன்பதாவது சுருள் 590. உருக்காலையில் சீட்டு மாறி வந்திருந்தது.

அதை முதலில் கண்டுகொண்டவர் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரிவின் ஃபோர்மேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சார், இன்னிக்கு வந்த தகடு புது மாப்பிள்ளை மாதிரி சொன்னதெல்லாம் கேக்குது. 980 இப்படிக் கேக்காதே. ஒரு தடவை பாத்துருங்களேன்" என்றார். அச்சுக்கு நன்றாக எண்ணெய் போட்டிருப்பீர்கள் என்றேன். அவர் அறிக்கையில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். பித்தளைப் பலகையையும் பார்த்தார். போய்விட்டார்.

அந்தச் சுருளில் எண்ணூற்று நாற்பது கார்களுக்குத் தூண் செய்தார்கள்.

அவற்றில் ஒன்று என் தங்கை வீட்டுக்குப் போனது. தங்கையின் கணவர் வீட்டுக்கு வந்து, "மச்சான், கலர் எதுவா இருந்தாலும் சரி. நீங்க பாத்து அனுப்புன வண்டியா இருந்தா போதும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லிவைத்துச் சீக்கிரமாகவே வாங்கிக் கொடுத்தேன். நான்காவது மாதம், பட்டப்பகலில், ஒரு நாற்சந்தியில் தண்ணீர் லாரி அவர் பக்கம் இடித்தது. லாரி வேகமாகக்கூட வரவில்லை. அந்த வேகத்துக்குத் தூண் நின்றிருக்க வேண்டும். அது இருக்கையின் நடுவரை வந்திருந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு இழுப்பறையைத் திறந்து, பத்தொன்பதாம் சுருளின் துண்டு ஒன்றை இயந்திரத்தில் மாட்டினேன். ஓடவிட்டுத் தாழ்வாரத்தின் கோடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது உடைந்திருந்தது. எண் 612.

இயந்திரத்தை அணைத்தேன். அதற்குள், இடிபட்ட காரின் தூண் 980 இல்லை என்று நிர்வாகத்துக்குத் தெரிந்து, சுருள்களை எடுத்துக் கொடுக்கும் கிடங்குக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். என் அறிக்கைப்படி சுருள் சரியானது. அப்படியானால் கிடங்கில்தான் வேறு சுருளை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். தர்க்கத்தில் குறை இல்லை. ஒருவர் ஏற்கெனவே தண்டனை பெற்ற பிறகு இன்னொருவர் எதற்கு என்று எனக்குப் பட்டது.

தங்கை வாரம் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். "அந்த கிடங்குக்காரன் விளங்குவானாண்ணா? நீ கண்ணுல எண்ணெய விட்டுப் பாத்து அனுப்புனத அவன் கெடுத்துட்டானே" என்பாள். நான் தலையாட்டுவேன். அவள் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள். சாத்திய பிறகும் நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். இப்போதெல்லாம் எதற்கும் அப்படித்தான். குவளையை யாராவது மேசையில் வைக்கப் போனால் வைத்து முடிக்கும்வரை மூச்சு விட முடிவதில்லை.

மீதி எண்ணூற்று முப்பத்தொன்பது கார்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உடல் எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். நிற்கிற வண்டிகளில் குனிந்து பார்ப்பேன். இதுவரை இருபத்துமூன்று கிடைத்தன. ஒன்றின் பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி இருந்தது. அதன் சொந்தக்காரர் வந்து, "வாங்கலாம்னு பாக்கறீங்களா சார்? நல்ல வண்டி" என்றார். உறுதியான வண்டி என்றேன்.

நேற்று கிடங்குக்காரர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "சார், உங்க ரிப்போர்ட்ட திரும்பத் திரும்பப் படிச்சேன். நீங்க தப்பா எழுத மாட்டீங்க. அப்ப நான்தானே மாத்திக் குடுத்திருக்கணும்? எனக்கு ஞாபகமே இல்ல சார். திங்கக்கிழமை விசாரணையில ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடறேன்" என்றார். எப்படி எழுத வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தார். தாளும் பேனாவும் கொண்டுவந்திருந்தார்.

எஃகைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். அவர் எழுதினால் தொழில்நுட்பப் பிழைகள் மலிந்திருக்கும். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

மேலே தந்த காரணங்களை ஒருமுறை படித்துப் பார்த்தேன். உருக்காலையின் நற்பெயர், அனுபவம், ஆயிரம் குடும்பங்கள் என்று எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. தர நாள் உரையில் சேர்த்துக்கொள்ளலாம்.

உடைக்காத துண்டுகள் நூற்று இருபத்திரண்டு. சுருள்வாரியாகக் கட்டி, கார்களின் பட்டியலோடு இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் அவற்றை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது நான் அறையில் இருக்க வேண்டாம் என்று உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உடையும் சத்தம் எனக்குப் பயம்.