வாயத் தொறக்காத, பார்ட்டி வருது

— அவுரு கேட்டாரா? யோவ், வூடு பாக்க வந்த அந்த ஆளு உன்னாண்ட வாயத் தொறந்து கேட்டாரா?

— இன்னாத்தமே கேட்டாரா?

— மழைக்கு தண்ணி உள்ள வருமான்னு கேட்டாரா? மனுசன் ஜன்னல் கம்பிய தட்டிப் பாத்துகினு, நல்லா ஸ்ட்ராங்கா கட்டிக்கீறீங்களேன்னு சிரிச்சிகினு நிக்கிறாரு. நீ போயி, தோ இந்த ஜன்னல் வரிக்கும் தண்ணி நின்னுது சார்ன்ற. கையால அளவு வேற காட்ற!

— ஜன்னல் வரிக்கும்னு சொல்லல. முட்டிக்கு மேலன்னு சொன்னேன். முட்டியத்தான் தொட்டுக் காட்னேன்.

— ஐயே, ரொம்ப வித்தியாசம்! பொண்டாட்டிய இஸ்துகினு, செருப்பு கூட சரியா மாட்டாம ஓடிட்டாரு. குடுத்த காப்பிய கூட முழுசா குடிக்கல அந்த அம்மா.

— நான் இன்னா பொய்யா சொன்னேன்? மெய்யாலுமே வந்துச்சா இல்லியா? சுனாமிக்கு அடுத்த வருசம் மழையில, கட்டில் மேல பெஞ்ச போட்டு நீயும் நானும் ஏறி ஒக்காந்துகினு இல்ல இருந்தோம்? ஸ்டவ்வ மடியில வெச்சிகினு இருந்தியே!

— வந்துச்சு. வர்லன்னு யாரு சொன்னா? வூடு விக்கிறவன் அத்த ஏன்யா சொல்லணும்? போன வாரம் வந்தாரே டெய்லரு, அவராண்ட இன்னா சொன்ன? விடிகாலைல கம்பெனில கேஸ் வுடுவாங்க, கண்ணு எரியும், ஈரத் துணிய மூஞ்சில போட்டுகினு படுத்துக்கங்கன்னு. அதுக்கு முன்னாடி வண்ணாரப்பேட்ட பார்ட்டி. நல்லா கீது, முடிச்சிக்கலாம்னு சொன்னவர கைய புடிச்சி இட்டுகினு போயி பீரோவுக்கு பின்னாடி ஓதம் ஏறுன செவுத்த காமிச்ச. நானே ரெண்டு நாளு முக்கி முக்கி அந்த பீரோவ தள்ளிவெச்சி மறைச்சிகினு கீறேன்!

— அந்தாளு பீரோ நல்லா கீதேன்னு சொன்னாரு. அதான்...

— பீரோவ சொன்னா பீரோவோட வுடுய்யா!

— கோச்சிக்காதமே. என்னால முடியல. ஒருத்தன் மூஞ்சப் பாத்து பேசுனா, உள்ள கீறது தானா வாயில வந்துருது.

— அதான் தெரியுமே. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பனாண்ட இன்னா சொன்ன? எனக்கு ஆர்பர்ல வேல பர்மனெண்டு இல்ல, பீடி குடிப்பேன், எங்கம்மா வாயி கொஞ்சம் நீளம்னு. சபையில அவ்ளோ பேரு ஒக்காந்துகினு இருக்கச் சொல்ல!

— உங்கப்பன் ஒடனே சரின்னாரே! மெய்ய சொன்னா வேலைக்கி ஆவுது பாத்தியா?

— ஆமா, ஆச்சு. நான் மாட்டிக்கினேன். இந்தா, தோ பாரு, இருமாத. பேசாத. தண்ணிய குடி. மெதுவா. ...ஒக்காரு. சாஞ்சிக்க.

— ஒண்ணும் இல்லமே. கரி யார்டுல தின்ன தூளு, கொஞ்சம் கொஞ்சமா வெளிய வருது.

— வெளிய எங்க வருது? ராத்திரி பூரா செவுத்துல சாஞ்சி ஒக்காந்துகினே தூங்குற. படுத்தா மூச்சு அடைக்குதுன்ற. நான் முழிச்சி முழிச்சி பாத்துகினே கெடக்குறேன். அதனாலதான்யா சொல்றேன். வூட்ட வித்தா புழல் ஏரிக்கரையாண்ட வாடகைக்கு போயிடலாம். அங்க புகை கெடையாது, கேஸ் கெடையாது. மீதிய வெச்சி பெரிய ஆஸ்பத்திரில காட்லாம். டாக்டரு இன்னா சொன்னாரு? இந்தக் காத்த வுட்டு வெளிய போனா சரியாப் பூடும்னாரா இல்லியா?

— நீதான் அப்டின்னு சொன்ன.

— அவுரு சொன்னதத்தான் நான் சொன்னேன்.

— சரி. அப்பால?

— அப்பால இன்னா அப்பால?

— ஒண்ணுமில்ல வுடு.

— வுடுறதுக்கு நேரமில்ல. கடைக்கார ராசையா அண்ணாச்சி இன்னொரு பார்ட்டி அனுப்பறாரு, அவுங்க ஊருப் பொண்ணாம். இப்போ வந்துரும். நான் சொல்றத நல்லா காதுல வாங்கிக்க. எதுக்கு விக்கிறீங்கன்னு கேட்டா, பொண்ணாண்ட போறோம். அவ்ளோதான். ஒடம்பு முடியலன்னு சொன்னா, அவசரத்துல கீறான்னு வெலைய அடிச்சிருவாங்கன்னு அண்ணாச்சி படிச்சி படிச்சி சொன்னாரு. வெலைய நாம மொதல்ல சொல்லக் கூடாது. அவுரே பேசிக்கிறேன்னுகீறாரு.

— அந்தக் கொடத்த எதுக்கு பம்பாண்ட வெச்சிகீற?

— லாரித் தண்ணி. குடிக்க கேட்டா அதுலேர்ந்து மொண்டு குடுக்கப் போறேன்.

— பம்புத் தண்ணின்னு சொல்லுவியா?

— நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. கொடம் பம்பாண்ட கீது. அவுங்களா நெனச்சிகினா நான் இன்னா பண்றது?

— அடிப்பாவி!

— பாவிதான். இருந்துட்டுப் போறேன். நீ உள் ரூம்புல ஒக்காரு. இருமல் வந்தா தலகாணிய வாயில வெச்சி அழுத்திக்க. வாயத் தொறக்காத, பார்ட்டி வருது. வாசக் கேட்டு தொறக்குற சத்தம் கேக்குது. ...வாம்மா, வா! அண்ணாச்சி அனுப்ச்ச பொண்ணா?

— ஆமாம்மா. எம்பேரு பெனிஷா. ராசையா மாமா கடையில நின்னுதான் வாரேன். எங்க வீட்டுக்காரவிய கடைய அடைச்சிட்டு வர முடியல, நீ போயி பாத்துட்டு வான்னுட்டாவ.

— அதுக்கின்னா, பொம்பளைங்க பாத்தாதான் வூடு. இது கூடம். காத்து ஷோக்கா வரும். தோ சமையக்கட்டு. பின்னால கைப்பம்பு. இந்தாம்மா, தண்ணி குடி, வெயில்ல வந்துகீற.

— தண்ணி நல்லா இனிப்பா இருக்கேம்மா! இந்தப் பக்கமெல்லாம் உப்பா இருக்கும்னு சொன்னாவ.

— எல்லாம் சாமி குடுத்ததும்மா.

— சாமி குடுக்கல தங்கச்சி, லாரி குடுத்துச்சு.

— யோவ்! உன்ன உள்ள இல்ல இருக்கச் சொன்னேன்!

— பம்புத் தண்ணி மஞ்சளா வரும்மா. பிடிச்சி வெச்சா மேல எண்ண மாரி படலம் கட்டும். பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. வணக்கம்மா. நான் டில்லிபாபு. இவ எங்கூட்டு ஆளு, சொக்கம்மா.

— வணக்கம்யா. ஒக்காருங்க, ஒக்காருங்க. மூச்சு வாங்குதே ஒங்களுக்கு?

— நெஞ்சுல கரிம்மா. அதுக்குத்தான் விக்கிறோம்.

— போச்சு. எல்லாம் போச்சு. நாஸ்தி.

— இன்னும் கேளும்மா. மழை புடிச்சிகினா முட்டிக்கு மேல தண்ணி உள்ள வரும். தோ, இந்த பீரோவுக்கு பின்னாடி பூரா ஓதம். விடிகாலைல கேஸ் வாசன அடிக்கும். பக்கத்து வூட்டுக்காரன் சாக்கடைய நம்ம பக்கமா திருப்பி வுட்டுகீறான், அவனாண்ட சண்ட போட எனக்கு இப்போ தெம்பில்ல. மாடிப்படி பாதில நிக்குது, அதுக்கு மேல கட்ட முடியல.

— வேற ஏதும் இருக்கா ஐயா?

— பட்டா என் பேர்ல கீது. அதுல வில்லங்கம் இல்ல. அது ஒண்ணுதான் நல்ல சேதி.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா ஐயா? நாங்க இப்ப இருக்கது சடையங்குப்பம். அங்க மழைன்னா இடுப்பளவு. சில நேரம் நெஞ்சளவு. போன மழைக்கு பிள்ளைய தோள்ல வச்சிக்கிட்டு, அடுத்த தெருவுல ஒரு மாடி வீட்டுல போயி நின்னோம். கடைச் சாமான் பூராவும் தண்ணில மெதந்து போச்சு. அரிசி, பருப்பு, சோப்பு, எல்லாம். நீங்க முட்டளவுன்னு சொல்லுதிய. எங்களுக்கு அதெல்லாம் ஒரு தண்ணியா?

— கேஸு?

— அங்க மட்டும் என்ன ஐயா, மல்லிகப்பூவா மணக்குது? நாங்க எம்புட்டோ வீடு பாத்தாச்சு. எல்லாவனும் புதுசா வெள்ளையடிச்சி வச்சிக்கிட்டு, இந்தத் தெருவுல மழையே பெய்யாதுன்னு பேசுதான். ஒள்ளத சொன்ன மொத ஆளு நீங்கதான். படி பாதில நிக்குதுன்னியள்லா? அத முடிச்சி மேல ஒரு ரூம் போட்டா, தண்ணி வந்தா ஏறிக்கிடலாம். எங்களுக்கு அது போதும்.

— மெய்யாலுமா சொல்ற?

— ராசையா மாமா சொன்ன வெலைக்கே சம்மதம். பேரமே பேசல. நாளைக்கு அவியளக் கூட்டிட்டு வந்து அட்வான்ஸ் தாறோம். என்னம்மா, சரிதானே?

— சரிதானேவா! நீ நல்லா இருப்பம்மா, புள்ள குட்டியோட நல்லா இருப்ப! கேட்டியாய்யா? உன் வாயும் ஒரு நாளு வேலைக்கி ஆயிடுச்சி! வாழ்க்கையில மொத தபா! இன்னாய்யா, கல்லு மாரி ஒக்காந்துகினுகீற? பொண்ணு கேக்குதுல்ல, சொல்லு.

— இல்லம்மா.

— என்னது ஐயா?

— வூடு வித்தாச்சும்மா.

— வித்தாச்சா?

— காலைல ஒரு பார்ட்டி வந்தாங்க. அவுங்களாண்ட வாக்கு குடுத்துட்டேன். முடிஞ்சி போச்சு.

— யோவ், இன்னாய்யா ஒளர்ற?

— அப்பொ எதுக்கு ஐயா இம்புட்டு நேரம் சுத்திக் காட்டினிய? சொவத்த காட்டி, சாக்கடையக் காட்டி... அம்மாவுக்கே தெரியாம வித்திருக்கிய போலயே!

— தப்புதாம்மா. மன்னிச்சிக்க.

— நல்ல மனுசர்னு நெனச்சிட்டேன். பொழுதடைய போவுது, பிள்ள தேடும். நான் வாரேம்மா.

— நில்லும்மா, பெனிஷா! இவரு சொல்றத கேக்காத! ஏம்மா! ...பூட்டா. யோவ், காலைல வந்தவன் செருப்பு மாட்டாம ஓடுனானேய்யா! அவனாண்ட எப்பய்யா வாக்கு குடுத்த?

— குடுக்கல.

— குடுக்கலியா? அப்போ பொய்யா சொன்ன?

— ஆமா.

— நீயா? உனக்கு பொய் வருமாய்யா? இத்தினி வருசத்துல என்னாண்ட ஒரு சாக்கு கூட சொல்லத் தெரியாது உனக்கு. நீ வர வேணா, நான் ஓடிப் போயி அந்தப் பொண்ண கூட்டினு வரேன். அண்ணாச்சி கடையாண்டதான் போயிகினு இருப்பா.

— போவாத சொக்கு. ஒக்காரு.

— ஒக்காரவே மாட்டேன். சொல்லு மொதல்ல. ஏன்யா சொன்ன?

— மத்தவங்கள தொரத்துறதுக்கு மெய்யே போதுமா இருந்துச்சு. தண்ணி வரும்னா ஓடுனான். கேஸுன்னா ஓடுனான். இந்தப் பொண்ணு எதுக்கும் அசையல. நான் வேற இன்னாமே பண்ணுவேன்?

— தொரத்துறதுக்கா? வேணும்னேவா சொல்லிகினு இருந்த?

— ஆமாமே.

— அடப்பாவி மனுசா! நான் உன்ன வெகுளின்னு இல்ல நெனச்சிகினு, எல்லாராண்டயும் சொல்லி அழுதுகினு கீறேன்! உன் மூச்சுக்காவத்தானய்யா விக்கிறேன்! உனக்கு சரியாவ வேணாமா?

— ஆவாது சொக்கு. அன்னிக்கி ஆஸ்பத்திரில நீ மாத்திர வாங்க போனப்போ, டாக்டராண்ட நான் நேராவே கேட்டுட்டேன். மெய்ய சொல்லுங்க சார்னேன். அடுத்த மழைக்காலம் வரிக்கும் தாங்காதுன்னுட்டாரு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதேதானாம். உன்னாண்ட எப்டி சொல்றதுன்னு தெரியல.

— தோ, ஒக்காந்துட்டேன். சொல்லி முடி.

— இப்போ வூட்ட வித்து ஆஸ்பத்திரிக்கி குடுத்துட்டு, புழல்ல எவனோ வூட்ல வாடகைக்கி ஒக்காந்துகினா, நான் பூட்ட அப்பால நீ எங்கமே போவ? நம்ம பொண்ணு ரமாபாய் வூட்ல ஒரே ரூம்பு. அதுல அவ மாமியா, ரெண்டு நாத்தனாரு. புளியந்தோப்புல அந்த வாசப்படில தல வெச்சி படுப்பியா? வாடகை வூட்டுக்காரன் என்னிய வாசல்ல கெடத்தவே வுட மாட்டான். அது கெடக்கட்டும், எனக்கின்னா தெரியவா போவுது? மறு மாசமே உன்ன சாமான எடுன்னுவான். இங்க தண்ணி வந்தா வரட்டும். கட்டில் மேல ஏறி ஒக்காந்துக்க. உன்ன வெளிய போன்னு எவனும் சொல்ல முடியாது. ...இன்னாமே? அழுவுறியா? எதுனா பேசு.

— டாக்டரு என்னாண்டயும் சொல்லிட்டாருய்யா.

— இன்னான்னு?

— உன்னாண்ட சொன்னதத்தான். அதுக்கும் முன்னாடியே. நீ எக்ஸ்ரேவுக்கு உள்ள போனப்போ.

— அப்போ சரியாப் பூடும்னு சொன்னாருன்னியே?

— அது நான் சொன்னது. அவுரு சொல்லல.

— அப்பறம் எதுக்கு சொக்கு, வூட்ட வித்தே தீரணும்னு இந்த ஆட்டம் ஆடுன?

— அந்த ஏரிக்கரையாண்ட காத்து நல்லா கீதுய்யா. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி, நீ கால நீட்டி மல்லாக்க படுத்து தூங்கறத நான் பாக்கணும்.